மழைக்கு நெட் போகிற ஊரில் பிள்ளைகளுக்கு உலக வரலாறு காட்டுவது எப்படி

கோத்தகிரியிலிருந்து கொஞ்சம் தள்ளி, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளை ஒட்டி இருக்கிறது எங்கள் வீடு. ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகளும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஆறு பேரும் சனிக்கிழமை சாயங்காலம் கூடத்தில் வந்து உட்காருவார்கள். ஒரு மணி நேரம் உலகத்தைச் சுற்றுவோம். இப்போது இது ஒழுங்காக நடக்கிறது. முதல் மூன்று மாதம் அப்படியில்லை. தொடங்கிய அன்றைக்குப் பிரமிடு பற்றி ஒரு வீடியோ போட்டேன். நாலாவது நிமிஷம் படம் நின்று வட்டம் சுற்றியது. பிறகு 'ஐந்தே நிமிடத்தில் கடன்' என்று ஒரு விளம்பரம் வந்தது. அப்புறம் கரண்ட் போனது. மறுநாள் கேட்டபோது பிள்ளைகளுக்கு நினைவிருந்தது கடன் விளம்பரம் மட்டும்தான்.

உங்கள் வீட்டில் அப்படி ஆக வேண்டாம். நான் செய்த வரிசையில் செய்யாதீர்கள். செய்திருக்க வேண்டிய வரிசையைக் கீழே எழுதியிருக்கிறேன்.

1. முதலில் இணைப்பு, அதுவும் சாயங்கால இணைப்பு

மதியம் பன்னிரண்டு மணிக்கு நெட் வேகத்தைப் பார்த்துவிட்டு "நன்றாக இருக்கிறது" என்று முடிவு செய்யாதீர்கள். மலையில் ஒரே டவரை நம்பி நாலு ஊர் இருக்கும். எல்லோரும் வேலை முடிந்து வந்து போனை எடுக்கும் ஆறு முதல் எட்டு மணி வரைதான் உண்மை தெரியும். புது சிம் வாங்குவதற்கு முன், அந்த கம்பெனி சிம் வைத்திருக்கும் யாரையாவது வீட்டுக்குக் கூப்பிட்டு, பிள்ளைகள் உட்காரப்போகும் அதே இடத்தில் போனை வைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் சமையலறை ஜன்னலில் டவர் நன்றாக எடுக்கும், கூடத்தில் எடுக்காது. இதைச் சிம் வாங்கிய பிறகு கண்டுபிடித்தேன்.

ஃபைபர் வருகிற ஊர் என்றால் அதுவே மேல். ஆதார், ஒரு போட்டோ, போன் நம்பர் போதும் என்பார்கள். லைன் வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் அது போதாது. வீடு தோட்டத்தின் பெயரில் இருக்கும், ஆதாரில் பழைய ஊர் முகவரி இருக்கும். தோட்ட அலுவலகத்தில் 'இவர் இந்த வீட்டில் குடியிருக்கிறார்' என்று ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். பக்கத்து வீட்டில் விண்ணப்பம் கொடுத்த பிறகு அந்தக் கடிதத்துக்கு அலைந்ததில் பத்தொன்பது நாள் போனது.

பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். ரூட்டர் நமக்குச் சொந்தமா, திருப்பித் தர வேண்டியதா? கம்பத்திலிருந்து வீடு வரை வரும் வயருக்குத் தனிக் காசா? சொல்லும் மாதத் தொகையில் ஜிஎஸ்டி சேர்ந்ததா? என்னிடம் 399 என்றார்கள். பில் வந்தபோது 18 சதவீதம் சேர்ந்து 471 ஆகியிருந்தது. வயருக்கு மீட்டர் கணக்கில் தனியாக வாங்கினார்கள். பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது பில் வரும் நாளில் யாருக்கும் நினைவிருக்காது.

மொபைல் டேட்டாதான் என்றாலும் கவலை இல்லை. வீடியோவின் தரத்தை 480-இல் வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு எனக்கு அரை ஜிபிக்குக் கொஞ்சம் மேலே ஆகிறது. தினம் ஒன்றரை ஜிபி தரும் ரீசார்ஜில் இது அடங்கிவிடும். தானாக 720-க்கோ 1080-க்கோ ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

2. மழைக்கு முன்னால் இறக்கி வையுங்கள்

கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூனில் மழை பிடிக்கும். எங்கள் பக்கம் அக்டோபர், நவம்பரில்தான் அதிகம். மரம் விழும், கரண்ட் போகும், மழைக்குப் பள்ளிக்கூடமும் லீவு விடுவார்கள். பிள்ளைகள் நாள் முழுக்க வீட்டில் இருக்கும் அந்த நாட்களில்தான் நெட் இருக்காது. ரூட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கினேன். வீட்டில் கரண்ட் போனால் தாங்குகிறது. தெருக்கோடியில் இருக்கும் நெட் கம்பெனிப் பெட்டிக்கே கரண்ட் போய்விட்டால் அதனாலும் பயனில்லை.

இதற்கு நான் கண்ட ஒரே வழி கிவிக்ஸ் என்ற இலவசச் செயலி. தமிழ் விக்கிப்பீடியாவை மொத்தமாக ஒரே கோப்பாக இறக்கி, நெட்டே இல்லாமல் படிக்கலாம், தேடலாம். படங்களோடு ஒன்று, படம் இல்லாமல் ஒன்று என்று கிடைக்கும். படத்தோடு இருப்பதையே எடுங்கள், பிள்ளைகளுக்குப் படம் இல்லாவிட்டால் ருசிக்காது. இறக்கும் முன் கோப்பின் அளவையும் போனில் மிச்சமிருக்கும் இடத்தையும் பாருங்கள். நல்ல நெட் இருக்கும் நாளில், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

அதோடு, அடுத்த இரண்டு வாரத்துக்கு வேண்டிய படங்களைத் தனி ஃபோல்டரில் சேமித்து வையுங்கள். கரண்ட் இல்லாத சனிக்கிழமைகளில் என்னைக் காப்பாற்றியது அந்த ஃபோல்டரும் ஒரு பவர் பேங்கும்தான்.

3. கருவி

புதிதாக ஒன்றும் வாங்காதீர்கள். அண்ணன், அக்கா பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி ஏதாவது ஒரு வீட்டில் பரண் மேல் கிடக்கும். பேட்டரி செத்திருக்கும், அவ்வளவுதான். சார்ஜரைச் செருகியபடியே ஓடும். ஏழு பேர் ஒரு போனை எட்டிப் பார்த்தால் சண்டைதான் வரும். எச்டிஎம்ஐ வயர் ஒன்று வாங்கி டிவியில் இணைத்துவிட்டால் தீர்ந்தது.

4. பிள்ளைக்குக் கணக்கு: பிறந்த தேதியில் விளையாடாதீர்கள்

கூகுள் கணக்கைப் பிள்ளை தானே வைத்துக்கொள்ள நம் நாட்டில் 13 வயது ஆகியிருக்க வேண்டும். அதற்குக் குறைவு என்றால் கூகுளின் ஃபேமிலி லிங்க் வழியாகப் பெற்றோர் தங்கள் கணக்கோடு சேர்த்துத் தொடங்கித் தரலாம். இதற்குக் காசு இல்லை. உங்கள் மின்னஞ்சல், பிள்ளையின் உண்மையான பிறந்த தேதி, இரண்டு போனும் கையில், அரை மணி நேரப் பொறுமை. அவ்வளவுதான் தேவை.

இங்கே இரண்டு குழி உண்டு. வயதைக் கூட்டிப் போட்டுவிட்டால் பெரியவர்களுக்கான விளம்பரமும் வீடியோவும் வரும். என் கடன் விளம்பரம் அப்படி வந்ததுதான். இன்னொன்று இதற்கு நேர் எதிர். அவசரத்தில் என் சொந்தக் கணக்கில் மகளின் பிறந்த தேதியைப் போட்டுவிட்டேன். 'உங்களுக்கு வயது போதாது, 14 நாளில் சரிசெய்யாவிட்டால் கணக்கு முடக்கப்படும்' என்று வந்தது. நாற்பத்தொரு வயதில் நான் பெரியவள்தான் என்று அடையாள அட்டையைக் காட்டி நிரூபிக்க வேண்டியதாயிற்று.

கணக்கு தொடங்கியதும் தேடலில் பாதுகாப்பு வடிகட்டியைப் போடுங்கள், யூடியூபில் அடுத்த வீடியோ தானாக ஓடுவதை நிறுத்துங்கள். மம்மியில் தொடங்கி, பேய் வீடியோவுக்குப் போக மூன்றே தாவல் போதும்.

5. காசு கொடுக்காதீர்கள்

'உலக வரலாறு விளையாட்டு வழியில்' என்று ஒரு செயலிக்கு வருஷச் சந்தா 2,499 ரூபாய் கட்டினேன். ஏழு நாள் இலவசம் என்று போட்டிருந்தது. எட்டாம் நாள் தானாகப் பிடித்துக்கொண்டார்கள். உள்ளே இருந்தது பெரும்பாலும் வெளியே இலவசமாகக் கிடைக்கும் படங்கள். இலவசம் என்று எதைத் தொட்டாலும் யுபிஐ செயலியில், தானாகப் பணம் பிடிக்க அனுமதித்தவை இருக்கும் ஆட்டோபே பக்கத்தை ஒரு தரம் திறந்து பார்த்துவிடுங்கள்; அங்கேயே ரத்து செய்யலாம்.

உண்மையாகவே இலவசமானவை, நான் பயன்படுத்துபவை: நியூயார்க்கின் மெட் அருங்காட்சியகம் 2017 முதல் காப்புரிமை இல்லாத தன் படங்களை யாரும் எதற்கும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக அமைப்பு 2020-இல் 28 லட்சம் படங்களோடு அதையே செய்தது. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் சேகரிப்பையும் வீட்டிலிருந்து தேடலாம். அதன் படங்களைப் பெயர் போட்டு, வியாபாரம் இல்லாத வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம், பள்ளி ப்ராஜெக்ட்டுக்கு அது போதும். பாரிஸின் லூவ்ர் 2021-இல் தன் சேகரிப்பை இணையத்தில் ஏற்றியது, ஆனால் விளக்கங்கள் பெரும்பாலும் பிரெஞ்சில் இருக்கும். கூகுள் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சர், கூகுள் எர்த் இரண்டும் சுற்றிப் பார்க்க. தமிழில் படிக்க, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். பள்ளிப் புத்தகத்தில் பாடத்தோடு அச்சாகியிருக்கும் க்யூஆர் கட்டத்தைப் போனில் காட்டிப் பாருங்கள். அதை ஒரு பிள்ளைகூடத் திறந்து பார்த்ததில்லை என்று எங்கள் கூடத்தில் தெரிந்தது.

வெளிநாட்டு நிகழ்ச்சிக்குக் கட்டணம் கட்டியே ஆக வேண்டும் என்றால், உங்கள் டெபிட் கார்டு வெளிநாட்டுக்கு வேலை செய்யாமல் போகலாம். கார்டு கொடுக்கும்போது உள்நாட்டுப் பயன்பாடு மட்டும் திறந்திருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020-இல் விதி போட்டது. வங்கிச் செயலியில் திறந்து, கட்டி முடித்ததும் மூடிவிடுங்கள். டாலர் மாற்றுக் கட்டணம் தனியாகப் பிடிப்பார்கள்.

6. பிரமிடில் தொடங்காதீர்கள், வாசலில் தொடங்குங்கள்

இதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு அதிக நாள் ஆயிற்று. எகிப்து, ரோம் என்று போட்டால் பிள்ளைகள் பத்து நிமிஷம் வாய் பிளந்து பார்ப்பார்கள், அடுத்த வாரம் மறந்திருப்பார்கள். கண்ணுக்கு முன்னால் இருக்கும் ஒன்றைப் பிடித்து, அதன் நூலை இழுத்துக்கொண்டு போனால் நிற்கிறது. நம் மலையில் அப்படி இழுக்க எத்தனையோ இருக்கிறது.

உருளைக்கிழங்கு. எங்கள் பிள்ளைகளில் மூன்று பேர் வீட்டில் கிழங்குத் தோட்டம் உண்டு. 'இது ஊட்டிக் கிழங்கு' என்று அடித்துச் சொன்னார்கள். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக்குப் போனோம். பெருவில் மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய வயலைக் கூகுள் எர்த்தில் காட்டியதும், "அத்தை, இது நம்ம ஊரு மாதிரியே இருக்கு" என்றான் ஒருவன். அங்கே 4,000-க்கு மேற்பட்ட நாட்டுக் கிழங்கு வகைகள் இருக்கின்றன. ஊதா, சிவப்பு, கறுப்பு என்று படம் பார்த்தாலே அரை மணி நேரம் போகும். அங்கிருந்து அயர்லாந்து. 1845-இல் தொடங்கிய பஞ்சத்தில் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் செத்தார்கள், இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். காரணம், கிழங்குச் செடியைத் தாக்கிய பின்கருகல் நோய். அந்தப் பெயரைச் சொன்னதும் கூடத்தில் சத்தம் அடங்கியது. பனியும் மழையும் சேர்ந்தால் அவர்கள் அப்பா மருந்து அடிப்பது அதே நோய்க்குத்தான்.

ரயில். குன்னூருக்கும் கல்லாறுக்கும் நடுவே தண்டவாளத்துக்கு மத்தியில் பல் வைத்த பட்டை ஓடுவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அந்த முறையை உருவாக்கியவர் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட். ஜெர்மனியின் ஹார்ஸ் மலையில் 1885-இல் முதலில் போட்டார்கள், வேல்ஸின் ஸ்னோடன் மலையில் 1896-இல் ஓடியது, குன்னூருக்கு 1899-இல் வந்தது. ஸ்னோடன், குன்னூர் இரண்டின் வீடியோவையும் அடுத்தடுத்துப் போட்டு, பல் எங்கே தெரிகிறது என்று தேடச் சொல்லுங்கள். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் 2005-இல் நம் ரயில் சேர்ந்தது. அந்தப் பட்டியலின் வரைபடத்தைத் திறந்து, நம் ரயிலிலிருந்து எந்தத் திசைக்கு வேண்டுமானாலும் போகட்டும்.

குன்னூர் ஸ்டேஷன் பெயர்ப்பலகையும் உதவும். ஒரே பெயர், தமிழ், இந்தி, ஆங்கிலம் என மூன்று எழுத்தில். தமிழ் மட்டும் தெரிந்த ஒருவர் அந்தப் பலகையை வைத்தே இந்தி எழுத்தைக் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டேன். முயன்றார்கள், 'ன'வைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ரொசெட்டா கல்லைக் காட்டினேன். கி.மு. 196-இல் ஒரே ஆணையை மூன்று எழுத்து முறையில் செதுக்கிய கல். அதில் கிரேக்கம் தெரிந்ததால்தான் 1822-இல் பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியன் எகிப்தியச் சித்திர எழுத்தைப் படிக்க வழி கண்டார். எகிப்துக்கு இந்த வழியாகப் போங்கள்.

கற்பூர மரம், அதாவது தைல மரம், பிடித்தால் ஆஸ்திரேலியா. அதை விரித்து எழுத வேண்டியதில்லை. கோலாக் கரடி தின்பது நம் தைல மரத்து இலையைத்தான் என்று சொன்னால் மற்றதைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள்.

அப்புறம் வீட்டுப் பெரியவர்கள். எங்கள் லைனில் பாதிப் பேர் இலங்கையிலிருந்து வந்தவர்கள். 1964 அக்டோபர் 30-இல் போட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு வர வேண்டும் என்று எழுதினார்கள். அப்படி வந்தவர்களுக்காகத்தான் 1968-இல் தமிழக அரசு இங்கே தேயிலைத் தோட்டம் போடத் தொடங்கியது, இன்றைய டான்டீ. ஒரு பிள்ளையின் அப்பாயி தலைமன்னாரில் கப்பலேறியதை ஒரு மணி நேரம் சொன்னார். அன்றைக்கு நெட்டைத் திறந்தது வரைபடத்தில் தலைமன்னாரையும் ராமேஸ்வரத்தையும் காட்ட மட்டும்தான்.

7. குறிப்புப் பலகையைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள்

அருங்காட்சியகப் பக்கங்களில் பிள்ளைகள் விழும் இடங்கள் இவை. ஆண்டுக்கு முன்னால் 'சி' என்று ஓர் எழுத்து புள்ளியோடு இருந்தால், 'ஏறக்குறைய' என்று பொருள், நூற்றாண்டு இல்லை. 19-ஆம் நூற்றாண்டு என்றால் 1800-களில் தொடங்கும். 1900 என்று நினைக்காத பிள்ளையை நான் பார்த்ததில்லை. கி.மு.வில் எண் கூடக் கூடப் பழசு. தரையில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டு, நடுவில் ஒரு கல்லை வைத்துவிட்டால் பேச்சே வேண்டாம்.

இயந்திர மொழிபெயர்ப்பு உதவும், ஆனால் பீங்கான் தட்டு 'சீனா தட்டு' ஆகிவிடும். மார்பளவுச் சிலையை அது என்னவாக்கியது என்பதை இங்கே எழுத மாட்டேன், பிள்ளைகள் சிரித்து முடிக்கக் கால் மணி ஆயிற்று. சந்தேகம் வந்தால் படத்தைப் பாருங்கள், அப்புறம் சொல்லை.

நம் ஊரைப் பற்றித் தேடும்போது இன்றைய எழுத்துக்கூட்டில் பாதிதான் வரும். வெள்ளைக்காரர்கள் நீலகிரியை என்-இ-ஐ-எல்-ஜி-எச்-இ-ஆர்-ஆர்-ஒய் என்றெல்லாம் எழுதினார்கள். ஊட்டியை 'ஊட்டகமண்ட்' என்று தேடுங்கள், இலங்கையைச் 'சிலோன்' என்று.

8. நம் மலை அவர்கள் அலமாரியில் இருக்கும்போது

பிரிட்டிஷ் மியூசியத்தின் தேடலில் நீலகிரி என்று போட்டால், நம் மலையின் கல்வட்டங்களில் (பழங்கால ஈமச் சின்னங்கள்) தோண்டி எடுத்த மண்பாண்டங்களும் வெண்கலக் கிண்ணங்களும் வரும். மூடியின் மேல் எருமை மாதிரி மிருகங்கள் நிற்கும். 1870-களின் தொடக்கத்தில் நீலகிரியின் முதல் கமிஷனராக இருந்த பிரீக்ஸ் தோண்டியவை அதில் உண்டு. எங்கள் கூட்டத்தில் ஒரு கோத்தர் பழங்குடி வீட்டுப் பையன் இருக்கிறான். அவன் பாட்டி மண்பானை செய்பவர். அதுவரை பின்னால் உட்கார்ந்திருந்தவன் அன்றைக்கு டிவிக்குப் பக்கத்தில் வந்து, பானையை விரலால் தொட்டுப் பார்த்தான்.

அடுத்த படங்களில்தான் சிக்கல் வந்தது. பழைய காலத்துப் புகைப்படங்களில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர் எல்லோரையும் நிறுத்திவைத்து எடுத்து, கீழே 'ஆதிகாலப் பழங்குடி வகை' என்ற மாதிரி எழுதியிருக்கும். படம் எடுத்தவர் பெயர் இருக்கும். நிற்பவர் பெயர் இருக்காது. "ஏன் பேர் போடல?" என்று அந்தப் பையன் கேட்டான். என்னிடம் நல்ல பதில் இல்லை. அன்றிலிருந்து நம் மலை மக்களின் பழைய படங்களை முதலில் நான் தனியாகப் பார்த்துவிட்டுத்தான் காட்டுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், அந்தப் பிள்ளைகள் கூடத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

நம் பக்கத்திலிருந்து இணையத்தில் ஏற்றும்போதும் கவனம். அப்பாயியின் பழைய பாஸ்போர்ட்டை ப்ராஜெக்ட்டுக்குப் படம் பிடித்து ஒரு பிள்ளை ஸ்டேட்டஸில் போட்டுவிட்டது. பெயர், எண், ஊர் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அன்றே எடுக்க வைத்தோம். ஆவணத்தை வீட்டில் காட்டலாம், நோட்டில் எழுதலாம், வெளியே ஏற்றக் கூடாது. குரல் பதிவு செய்வதானால் சம்மதம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

9. நேரம்

அருங்காட்சியகங்களின் நேரலை நிகழ்ச்சியில் சேர்ந்தால் மணிக் கணக்கில் ஏமாறுவீர்கள். லண்டனுக்கும் நமக்கும் குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேர வித்தியாசம். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாலரைதான். ஏப்ரலில் அங்கே காலை பத்து மணி நிகழ்ச்சிக்கு, நான் மூன்றரைக்குப் பிள்ளைகளைத் தலைவாரி உட்கார வைத்தேன். அது இரண்டரைக்கே தொடங்கி முடிந்திருந்தது. நியூயார்க் என்றால் ஒன்பதரை அல்லது பத்தரை மணி நேரம். அங்கே மதியம் என்றால் இங்கே பிள்ளைகள் தூங்கும் நேரம், விட்டுவிடுங்கள். ஜப்பான் நமக்கு மூன்றரை மணி முன்னால். அங்கே சனிக்கிழமை மதியம் நடப்பது நமக்குக் காலையில் சரியாக அமையும்.

ஒரு சனிக்கிழமைக்கு ஒரு மணி நேரம் போதும். திரையில் முப்பது நிமிஷத்துக்கு மேல் வேண்டாம், மிச்சம் பேச்சும் வரைவதும். டவுனில் கலர் பிரிண்ட் பக்கத்துக்குப் பத்து ரூபாய் வாங்குகிறார்கள். வாரம் ஒரு பக்கம் எடுத்து, ஏழு பேரும் சுற்றி ஒட்டும் ஒரு பெரிய நோட்டு வைத்திருக்கிறோம். மார்ச்சில் பரீட்சைக்கு நிறுத்திவிடுவேன். ஏப்ரல், மே மாதங்களில் சீசன் கூட்டம் ஏறி நெட் இன்னும் மெதுவாகும், அப்போது கிவிக்ஸ்தான். நீங்கள் புதிதாகத் தொடங்குவதானால் ஜனவரியில் தொடங்குங்கள். மழை விட்டிருக்கும், பனிக்குப் பிள்ளைகள் எப்படியும் ஆறு மணிக்கெல்லாம் வீட்டுக்குள் வந்துவிடுவார்கள்.